ஒரே உருளைக்குள் இரண்டு சம்பந்திகள்

சென்ற வாரம் எங்கே விட்டோம் என்று ஞாபகம் இருக்கிறதா? இல்லாவிட்டால் பாதகமில்லை. எழுதுகிற எனக்கே பழைய இதழைப் புரட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நம் கண்டக்டரம்மாவைத் தெரியும். பேருந்தில் டிக்கெட் கிழித்தே ஒரு பெண்ணை வளர்த்து, படிக்க வைத்து, ஓய்வும் பெற்றவர். எட்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தது. கதிர் சிகிச்சை கொடுத்தார்கள், நோய் போய்விட்டது. ஆனால் அன்றைக்குப் பாய்ச்சிய கதிர் பக்கத்திலிருந்த சிறுநீர்ப்பையையும் வாட்டிவிட்டுப் போயிருக்கிறது. அந்த வாட்டம் இத்தனை வருடம் கழித்து இப்போது ரத்தமாகக் கசிகிறது.

அதற்கு டாக்டர் சொன்ன வைத்தியம்தான் அழுத்த அறை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஒரு பெரிய இரும்பு உருளை. உள்ளே இரண்டு பக்கமும் பெஞ்சு, சுவரில் வட்ட வட்டமாகக் கண்ணாடி ஜன்னல். ஆட்களை உட்கார வைத்துக் கதவைச் சாத்தி, காற்றழுத்தத்தை ஏற்றுவார்கள். பிறகு தலையில் ஒரு பிளாஸ்டிக் குல்லா மாட்டி, சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்கச் சொல்வார்கள். அந்த அழுத்தத்தில் ரத்தத்தில் கூடுதலாகக் கரையும் ஆக்சிஜன், வாடிப்போன சதையில் புது ரத்தக்குழாய்களை வளரவிடும் என்பது நம்பிக்கை. ஒரு நாள் போனால் போதாது, வாரக்கணக்கில் போக வேண்டும்.

அந்த உருளைக்குள் எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தது யார் என்பதில்தான் சென்ற வாரம் நிறுத்தினேன். மகளின் மாமியார். வாழ்நாள் முழுக்கத் தையல் மிஷின் மிதித்தவர், ஆகவே நமக்கு டெய்லரம்மா. சர்க்கரையால் குதிகாலில் ஆறாத புண். அவருக்கும் அதே வைத்தியம், அதே உருளை, அதே காலை நேரம்.

அதற்குப் பிறகு கதையில் மூன்று வாரம் ஓடிவிட்டது. இரண்டு பேரும் ஒரு வார்த்தையாவது பேசினார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பேசவில்லை. எட்டு வருடம் பேசாதவர்கள் ஒரு இரும்பு டப்பாவைப் பார்த்துப் பயந்து பேசிவிடுவார்களா என்ன?

சண்டைக்குக் காரணம் கல்யாணம். சம்பந்தம் பேசி முடித்து, மண்டபமும் பிடித்த பிறகுதான் கண்டக்டரம்மாவுக்கு நோய் இருப்பது தெரிந்தது. வெளியே சொன்னால் மாப்பிள்ளை வீடு பின்வாங்கிவிடும், பெண்ணின் வாழ்க்கை போய்விடும் என்ற பயத்தில் அவர் மூச்சே விடவில்லை. புருஷன் ஒருவரிடம் மட்டும் சொன்னார். அவரிடமும் வெளியே விடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். கல்யாணம் முடிந்த கையோடு போய் ஆஸ்பத்திரியில் படுத்தார். பெண்ணுக்கே அன்றுதான் தெரியும்.

டெய்லரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். உறவுக்காரர்கள் நிறைந்திருந்த வராந்தாவில், “மறைச்சுட்டாங்க” என்று ஒரு சொல் சொன்னார். அந்த ஒரு சொல் கண்டக்டரம்மாவின் காதில் விழுந்தது. அன்றைக்கு அறுந்த பேச்சுதான்.

இனி இன்றைய காலைக்கு வருவோம்.

மகள் கார் ஓட்டுகிறாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு, காலையில் மட்டும் தாமதமாக வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறாள். முன் சீட்டில் மாமியார், கால் நீட்ட வேண்டுமே. அம்மாவை அவர் வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்வாள், அவர் பின் சீட்டில்.

வாசல் வரை வந்து வழியனுப்புவது அப்பா. பூட்டு ரிப்பேர்காரர், சாவி செய்கிறவர். யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். வீட்டில் அவருக்கும் சேர்த்து அம்மாவே பேசிவிடுவதால் அவருக்குப் பேசவேண்டிய அவசியம் வந்ததில்லை. இன்றும் கார்க்கதவைச் சாத்தி, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

“உங்கம்மாவுக்குக் காத்து அதிகமா அடிச்சா ஜன்னலை ஏத்திக்கச் சொல்லு” என்றார் டெய்லரம்மா, மருமகளிடம்.

“எனக்கு ஒண்ணும் அடிக்கலைன்னு சொல்லு” என்றார் கண்டக்டரம்மா, மகளிடம்.

மகள் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு முழத் தூரத்தில் இரண்டு பேருக்குமே காது நன்றாகக் கேட்கிறது. ஆரம்பத்தில் இந்தத் தபால் வேலையைச் செய்து பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். தபால் தானாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வழி முழுவதும் டெய்லரம்மா தன் கண்ணைப் பற்றித்தான் பேசினார். இந்த வைத்தியத்துக்கு வந்ததிலிருந்து கண்ணாடி போடாமலே ஊசியில் நூல் கோர்க்கிறாராம். தெருவில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. அது ஆக்சிஜனால் கண் லென்ஸில் வருகிற தற்காலிக மாற்றம், வைத்தியம் முடிந்தால் பழையபடி ஆகிவிடும், அதனால் புதுக் கண்ணாடி எதுவும் இப்போது வாங்க வேண்டாம் என்று மகள் பொறுமையாக விளக்கினாள். டெய்லரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிடைத்த வரைக்கும் லாபம் என்று விட்டார். பின் சீட்டில் கண்டக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இன்று முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். முந்தின நாள் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்திருந்தார்கள்.

டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். கசிகிற இடங்கள் அப்படியே இருந்தன. இந்நேரம் கொஞ்சமாவது வெளுத்திருக்க வேண்டும், உங்களுக்கு ரத்தம் கட்டி கட்டியாகக்கூட வருகிறதே என்று யோசனையாகச் சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

“குடிக்கிறேனே” என்றார் கண்டக்டரம்மா. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்படியானால் வைத்தியம் உங்கள் உடம்புக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், அதற்குள் மாற்றமில்லை என்றால் சிறுநீர்ப்பையையே எடுத்துவிடுவதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். எடுத்துவிட்டு, வயிற்றில் வழி வைத்து வெளியே ஒரு பையை ஒட்டுவார்கள். அதோடு வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர், நன்றாகவே இருக்கிறார்கள் என்று ஆறுதலாகச் சொன்னார். ஆனால் கதிர் பட்ட உடம்பில் அது பெரிய ஆபரேஷன், சுலபத்தில் ஆறாது என்பதையும் மறைக்கவில்லை.

மகள் இன்னொரு தடவை படத்தைக் காட்டச் சொன்னாள். அம்மா மட்டும் சரி டாக்டர், சரி டாக்டர் என்று தலையாட்டிவிட்டு, உடை மாற்றப் போய்விட்டார்.

இங்கே உங்களிடம் ஒன்றை உடைத்துச் சொல்லிவிட வேண்டும். கண்டக்டரம்மா சொன்னது பச்சைப் பொய். அவர் தண்ணீர் குடிப்பதில்லை.

பேருந்தில் வேலை பார்த்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் சொல்வார்கள். வழியில் கழிப்பறை கிடையாது. டிப்போவில் இருக்கும், ஆனால் தாழ்ப்பாள் இருக்காது. வண்டி நிறைய ஆளை நிறுத்திவிட்டு இறங்கி ஓட முடியுமா? அதனால் அவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். வேலைக்குக் கிளம்பும் முன் நாக்கை நனைத்துக்கொள்வது, அவ்வளவுதான். மதியம் வரை சொட்டு இறங்காது. கண்டக்டரம்மா இதில் கெட்டிக்காரர். மற்றவர்கள் தவித்துக்கொண்டிருக்கும்போது தான் கடைசி நிறுத்தம் வரை நிமிர்ந்து நின்றதை இப்போதும் பெருமையாகச் சொல்வார். அது எவ்வளவு பெரிய கேடு என்று அந்த நாளில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இப்போது உருளைக்குள்ளும் அதே வித்தைதான். உள்ளே போனால் இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்டக் கதவு திறக்காது. அவசரம் என்றால் அழுத்தத்தை மெல்ல மெல்ல இறக்கித்தான் திறக்க முடியும், எல்லாருடைய வைத்தியமும் அன்றைக்குப் பாழ். வாடிப்போன பையோ அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிடும். பெஞ்சுக்கு அடியில் பெட்பேன் இருக்கிறது, மறைப்புக்குப் பருத்தித் துணி இருக்கிறது, கூட உட்காருகிற நர்ஸும் தங்கமான பெண். வேறு யார் எதிரில் இருந்தாலும் கேட்டிருப்பார். சம்பந்தியின் எதிரில், ரத்தமும் கட்டியுமாக, ஒரு துணிக்குப் பின்னால் உட்காருவதா? அதற்குச் செத்துப்போகலாம் என்று நினைத்தார். அப்படியேதான் நினைத்தார், நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஆகவே முந்தின சாயந்திரத்திலிருந்தே வாயைக் கட்டுவார். மகள் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர்ப் பாட்டிலை உடை மாற்றும் அறையின் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிடுவார். திரும்ப வரும்போது எரிச்சலில் குடிக்கப் பிடிக்காது. இப்படியே நாள் போனது.

இதை ஒருவர் பார்த்திருந்தார். டெய்லரம்மா. அதே அறையில் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒரு நாள் இல்லை, தினமும். நமக்கென்ன, சொன்னால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார் என்று வாயை மூடிக்கொண்டார்.

இன்று வராந்தாவில் மருமகள் சுவரோரமாக நின்று கண்ணைத் துடைப்பதைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். மருமகள் சொன்னாள். வைத்தியம் பிடிக்கவில்லையாம் அத்தை, தண்ணீரெல்லாம் ஒழுங்காகத்தான் குடிக்கிறார், ஆனாலும் பையை எடுக்க வேண்டியிருக்குமாம்.

டெய்லரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். தன் வாயில் தானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. ஆனாலும் மருமகளிடம் அந்த விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் இவள் போய் அம்மாவைப் பிடித்து உலுக்குவாள், அந்த அம்மாள் குன்றிப்போவார், நாளையிலிருந்து இந்த வைத்தியத்துக்கே வரமாட்டார். நீ இன்னிக்கு வேலைக்குப் போகாம இங்கேயே இரு என்று மட்டும் மருமகளிடம் சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.

உள்ளே வழக்கமான சோதனை நடந்தது. நெருப்புப் பொறி ஆகாது என்பதால் போன், கடிகாரம், வளையல் எல்லாம் வெளியே. தலையில் எண்ணெய் வைத்திருக்கிறார்களா என்று நர்ஸ் ஒவ்வொருவர் தலையாக மோந்து பார்ப்பாள். ஆஸ்பத்திரி கொடுக்கிற பருத்தி அங்கியை மாட்டும்போதெல்லாம் டெய்லரம்மா அதன் தையலைத் திட்டுவார், இன்று திட்டவில்லை. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். சரியாக இருந்தது.

மூன்றாவது ஆள் ஒரு வெல்டர். மெஷினில் சிக்கி நசுங்கிய கைக்காக வருகிறார். உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். அழுத்தம் ஏறும்போது எச்சில் விழுங்காவிட்டால் காது வலிக்கும், அதனால் நர்ஸ் அவரை உலுக்கி உலுக்கி விழுங்க வைப்பாள்.

கதவு சாத்தப்பட்டது. வெளியே பலகை முன் உட்கார்ந்து இயக்குகிறவருக்குக் கேப்டன் என்று பெயர், விமானம் ஓட்டுகிறவர் தோரணையில் அறிவிப்பார். “எல்லாரும் விழுங்குங்க, கொட்டாவி விடுங்க. இறங்கப் போறோம்” என்றார் ஒலிபெருக்கியில். கடலுக்கடியில் இறங்குவது போன்ற அழுத்தம் என்பதால் அப்படித்தான் சொல்வது வழக்கம்.

காற்று இரைந்தது, உள்ளே வெதுவெதுவென்று சூடேறியது. காது அடைத்து, விட்டது. நர்ஸ் ஒவ்வொருவர் தலையிலும் குல்லாவை மாட்டினாள். அதற்குப் பிறகு ஆக்சிஜன் வருகிற உஸ் சத்தம் தவிர வேறெதுவும் யாருக்கும் கேட்காது.

கொஞ்ச நேரம் போனது. கண்டக்டரம்மாவின் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. தண்ணீர் இல்லாத பையும் கூப்பிடத்தான் செய்யும், காய்ந்த பை இன்னும் அதிகமாகவே எரியும். பல்லைக் கடித்தார். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இத்தனைக்கும் முதுகு வளையவில்லை, கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நின்ற உடம்பு. எதிரில் குல்லாவுக்குள் டெய்லரம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒரு சின்ன இடைவேளை உண்டு. குல்லாவைக் கழற்றிச் சாதாரணக் காற்றைச் சுவாசிக்க விடுவார்கள். நர்ஸ் கழற்றினாள்.

“எனக்கு பெட்பேன் வேணும்மா” என்றார் டெய்லரம்மா.

உருளைக்குள் குரல் மூக்கடைத்த மாதிரிதான் வரும், ஆனாலும் கணீரென்று கேட்டது. கண்டக்டரம்மா தரையைப் பார்த்தார். வெல்டரின் கண்கள் மூடியே இருந்தன, ஆனால் முகம் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பியது. நல்ல மனிதர்.

நர்ஸ் பெட்பேனை எடுத்து வைத்து, கட்டுப்போட்ட காலைத் தாங்கிக்கொண்டாள். துணியை யார் பிடிப்பது? டெய்லரம்மா அதை எடுத்து எதிர் பெஞ்சுக்கு நீட்டினார்.

“சம்பந்தி, இதைக் கொஞ்சம் பிடிங்க.”

எட்டு வருடத்துக்குப் பிறகு வருகிற முதல் பேச்சு இப்படி இருக்கும் என்று கண்டக்டரம்மா கனவிலும் நினைத்திருக்க மாட்டார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எழுந்தார். துணியின் இரண்டு முனையையும் பிடித்துக் கைகளை அகல விரித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஆச்சு என்று குரல் வந்தது. நர்ஸ் பெட்பேனை எடுக்கும்போது கண்டக்டரம்மாவின் பார்வை தற்செயலாக அதில் விழுந்தது. உலர்ந்து கிடந்தது.

டிக்கெட் எடுக்காதவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவர் அவர். இந்த முகத்தையும் பார்த்தார். எதற்காக இந்த அம்மாள் ஒரு ஆண்பிள்ளை உட்கார்ந்திருக்கிற இடத்தில், தேவையே இல்லாமல் அங்கியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார் என்பது அவருக்குப் புரிந்துபோனது. 

“இப்ப நீங்க. நான் பிடிக்கிறேன்” என்றார் டெய்லரம்மா.

“எனக்கு ஒண்ணும் வரலை.”

“எப்படி வரும்? பாட்டில் தண்ணியைத் தொட்டிக்குக் குடிக்கக் குடுத்துட்டு வர்றீங்களே.”

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். கண்டக்டரம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. நர்ஸ் ஒன்றும் திட்டவில்லை. ஒலிபெருக்கியில் கேப்டனிடம் இடைவேளையைக் கொஞ்சம் நீட்டிக்கச் சொன்னாள். பெட்பேனைச் சுத்தம் செய்து வைத்தாள். டெய்லரம்மா ஒற்றைக்காலில் எழுந்து, பெஞ்சில் சாய்ந்து, துணியை விரித்துப் பிடித்தார்.

அதற்கு மேல் கண்டக்டரம்மாவால் அடக்க முடியவில்லை. போய் உட்கார்ந்தார்.

வலித்தது. நெருப்பாக எரிந்து, சிறிது சிறிதாக வந்தது, கட்டியும் வந்தது. அவர் அழுதார். நோய் வந்த நாளிலிருந்து யார் எதிரிலும் அழாதவர், துணிக்கு இந்தப் பக்கம் சத்தமில்லாமல் அழுதார். அந்தப் பக்கம் துணியைப் பிடித்த கைகள் ஆடவில்லை.

டெய்லரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “இதைப் பார்த்தா நான் உங்களைக் கேவலமா நினைப்பேன்னு நினைச்சீங்க. இல்லையா?”

டெய்லரம்மா துணியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

“அன்னிக்கும் அப்படித்தான் நினைச்சீங்க. நோவு இருக்குன்னு தெரிஞ்சா கல்யாணத்தை நிறுத்திடுவேன்னு.”

“நிறுத்தியிருக்க மாட்டீங்களா?” துணிக்குப் பின்னாலிருந்து வந்த குரல் உடைந்திருந்தது.

“நிறுத்தலையே, சம்பந்தி. எனக்குத்தான் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமே.”

கண்டக்டரம்மா அப்படியே உட்கார்ந்திருந்தார். நர்ஸ்தான் அவரைத் தூக்கி, அங்கியைச் சரிசெய்து, பெஞ்சில் கொண்டு வந்து உட்கார வைத்தாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து முழுதும் குடிக்கச் சொன்னாள். அவர் குடித்தார். குடித்துக்கொண்டே டம்ளர் விளிம்புக்கு மேலே எதிர் பெஞ்சைப் பார்த்தார்.

“தெரிஞ்சிருந்துமா வராந்தாவுல அப்படிச் சொன்னீங்க? மறைச்சுட்டாங்கன்னு?”

“வேற எப்படிச் சொல்றது? நீங்களா வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு மண்டபத்துல மூணு நாளும் உங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தேன். நீங்க சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களான்னு ஊரையே விசாரிச்சீங்க. என்கிட்ட அந்த ஒரு வார்த்தை மட்டும் வரலை. எனக்கு ஆத்திரம் வந்திடுச்சு. சொன்னது தப்புதான்.”

இடைவேளை முடியப் போகிறது என்று கேப்டன் அறிவித்தார். நர்ஸ் குல்லாக்களை எடுத்தாள்.

“இருங்க. உங்களுக்கு யார் சொன்னது?” என்றார் கண்டக்டரம்மா அவசரமாக.

டெய்லரம்மா தயங்கினார். நர்ஸ் அவர் தலைக்கு மேல் குல்லாவைக் கொண்டுவந்துவிட்டாள்.

“உங்க வீட்டுக்காரர்” என்றார். குல்லா இறங்கிவிட்டது.

அடுத்த குல்லா கண்டக்டரம்மாவின் தலையில் இறங்கியது. அவர் ஏதோ கேட்டார், உள்ளே அவர் குரல் அவருக்கே திரும்பி வந்தது. எதிரில் டெய்லரம்மா கையை மட்டும் அசைத்தார், அப்புறம், அப்புறம் என்று.

மீதி நேரம் முழுவதும் கண்டக்டரம்மா என்ன யோசித்தார் என்று பக்கம் பக்கமாக எழுதலாம். எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும். யார் என்ன கேட்டாலும் தலையாட்டிவிட்டுப் போகிற அந்த மனிதர், மனைவிக்குத் தெரியாமல் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு, முன்பின் பழகாத சம்பந்தி வீட்டுக்குப் போய்ப் படியேறியிருக்கிறார். வாயைத் திறந்து பேசியிருக்கிறார். சத்தியத்தை மீறி மகளின் கல்யாணத்தைக் காப்பாற்றியிருக்கிறார். எல்லாம் சரி. அதற்குப் பிறகு எட்டு வருடம், இரண்டு சம்பந்திகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து சாவி ராவிக்கொண்டிருந்தாரே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். கண்டக்டரம்மாவுக்கு அவரை நினைத்து அழுகையும் வந்தது, அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட வேண்டும் என்றும் வந்தது.

ஒரு மாற்றம் மட்டும் சொல்கிறேன். மறுபடி பை கூப்பிட்டபோது அவர் பல்லைக் கடிக்கவில்லை. நர்ஸைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

அழுத்தம் இறங்கும்போது உள்ளே சில்லென்று குளிர்ந்து, லேசாகப் பனிமூட்டம் போலப் பரவியது. கதவு திறந்தது. வெளியே மகள் நின்றுகொண்டிருந்தாள். வட்ட ஜன்னல் வழியாக அவள் பாதியைப் பார்த்திருக்கிறாள். மாமியார் ஒற்றைக்காலில் நின்று துணி பிடித்ததை, அம்மா தண்ணீர் குடித்ததை. என்ன பேசினார்கள் என்பது மட்டும் கேட்கவில்லை.

உடை மாற்றக்கூடப் போகாமல் அந்த அங்கியோடு கண்டக்டரம்மா நேராக டாக்டர் அறைக்குப் போனார். தண்ணீர் குடிக்கிறேன் என்று சொன்னது பொய் என்று நின்ற வாக்கில் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தண்ணீர் இல்லாவிட்டால் சிறுநீர் கெட்டியாகிப் புண்ணை அரித்துக்கொண்டே இருக்கும், வைத்தியம் வேலை செய்கிறதா இல்லையா என்று எங்களால் எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது, அது நியாயம்தான். ஆபரேஷன் பேச்சைத் தள்ளிவைக்கிறேன், இன்றிலிருந்து ஒழுங்காகக் குடித்தால் சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம், ஆனால் பை பிழைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். கண்டக்டரம்மா அதைக் கேட்டு ஒப்புக்கொண்டார்.

வராந்தாவில் டெய்லரம்மா கட்டு மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டரம்மா போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் போன் அடித்தது.

அப்பா. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கிறார் என்றாள் மகள், போனைக் கையால் பொத்திக்கொண்டு. என்ன சொல்ல?

“வீட்டுக்கு வந்து சொல்றேன்னு சொல்லு” என்றார் கண்டக்டரம்மா. பிறகு பக்கத்து நாற்காலியின் கைப்பிடியில் இருந்த கையை, முதல் தடவையாக, பிடித்துக்கொண்டார். “சம்பந்தியும் கூட வர்றாங்கன்னு சொல்லு.”

மகள் சொன்னாள். மறுமுனையில் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. போனையும் வைக்கவில்லை.